இறுகப் பொருந்திய பாகங்களை ரோபோ கையால் கழற்றுவது: பட்டறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் தெற்கே ஜேக்கப்ஸ், மோபேனி பக்கத்துப் பட்டறைகளில் ஹைட்ராலிக் வேலை குறைவதில்லை. துறைமுகத்துத் தூக்கி இயந்திரங்கள், கரும்பு ஏற்றும் வண்டிகள், ஆலைகளின் அழுத்த இயந்திரங்கள் என்று எல்லாவற்றிலிருந்தும் வால்வும் பம்பும் எங்களிடம் வந்து சேரும். நான் இங்கேதான் ஃபிட்டர் அண்ட் டர்னராகத் தேறினேன். பல வருடம் கையால் கழற்றிய பிறகு, பட்டறைக்கு ஒரு ரோபோ கை வந்தது. அதைப் பழக்கும் வேலை என்னிடம் விடப்பட்டது.

முதலில் நாங்கள் நினைத்தது எளிது. ரோபோவைக் கொண்டு பாகத்தைத் துளைக்குள் பொருத்தும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதையே பின்னோக்கி ஓட்டினால் கழற்றுவது ஆகிவிடும் என்று நம்பினோம். இரண்டாவது வாரமே, ஒரு திசைமாற்று வால்வின் ஸ்பூல் (எண்ணெயைத் திருப்பிவிட உள்ளே நகரும் உருளைத் தண்டு) கடைசி இரண்டு மில்லிமீட்டரில் சாய்ந்து துளையின் விளிம்பைக் கீறிவிட்டது. வார்ப்பிரும்பு உடல், சரிசெய்ய வழியில்லை, மொத்தமாக வீண். அன்றுதான் எனக்குப் புரிந்தது: பொருத்தும்போது ஆபத்து தொடக்கத்தில் இருக்கிறது, உருவும்போது முடிவில் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே போகும்.

ஏன் சிக்குகிறது

ஒரு தண்டு துளைக்குள் சற்றே சாய்ந்தால் இரண்டு இடத்தில் தொடும்: ஒரு பக்கம் துளையின் வாய், எதிர்ப் பக்கம் தண்டின் உள்முனை. அமெரிக்காவின் டிரேப்பர் ஆய்வகத்தில் டேனியல் விட்னியும் உடன் வேலை செய்தவர்களும் 1970களில் இதை ஆராய்ந்தார்கள். 1982-ல் விட்னி வெளியிட்ட கணக்கைத்தான் இன்றும் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். அதில் சிக்கல் இரண்டு வகை.

முதலாவது, சிக்கி நிற்பது. நாம் கொடுக்கும் விசையின் திசை சரியில்லாததால் பாகம் நகர மறுக்கிறது. திசையை மாற்றினால் நகர்ந்துவிடும். இதனால் பெரிய சேதம் இல்லை.

இரண்டாவது, ஆப்புப் பிடிப்பது. தொடும் இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று எதிர்த்து அழுத்தி, விசையைத் தங்களுக்குள்ளேயே பூட்டிக்கொள்கின்றன. வெளியிலிருந்து எவ்வளவு இழுத்தாலும் பூட்டு இன்னும் இறுகத்தான் செய்யும். உள்ளே இருக்கும் நீளம், உராய்வுக் கெழுவை விட்டத்தால் பெருக்கி வரும் அளவைவிடக் குறைவாக இருக்கும்போதுதான் இது நேரும். விட்டம் 40 மி.மீ., உராய்வுக் கெழு 0.15 என்றால் அந்த அளவு 6 மி.மீ. ஆக, உள்ளே 60 மி.மீ. இருக்கும்போது ஆப்புப் பிடிக்காது. கடைசி 6 மி.மீ.-இல் பிடிக்கலாம். துருவோ கீறலோ இருந்து உராய்வு 0.3 ஆனால் அந்த ஆபத்து நீளம் 12 மி.மீ. ஆகிவிடும்.

கூடவே இன்னொன்று. தண்டு எவ்வளவு சாயலாம் என்பது, இடைவெளியை உள்ளே இருக்கும் நீளத்தால் வகுத்த கணக்கு. 20 மி.மீ. ஸ்பூலுக்கு 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி என்று வையுங்கள். 100 மி.மீ. உள்ளே இருக்கும்போது அது 0.006 டிகிரிக்கு மேல் சாய முடியாது. துளையே அதை நேராகப் பிடித்துக்கொள்ளும். 5 மி.மீ. மட்டும் மிச்சமிருக்கும்போது 0.11 டிகிரி வரை சாயலாம், அதாவது இருபது மடங்கு. துளை காவலை விடும் நேரமும் ஆப்புப் பிடிக்கும் நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

படி 1: எதை ரோபோவிடம் கொடுக்கலாம் என்று பிரியுங்கள்

வரைபடத்தில் துளை, தண்டு அளவுக் குறியீடு எச்7/ஜி6 என்று இருந்தால் அது இடைவெளிப் பொருத்தம், அதாவது தண்டு துளையைவிடச் சிறியது. 40 மி.மீ. விட்டத்துக்கு இடைவெளி 9 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். இதை ரோபோ உருவலாம். எச்7/பி6 என்றால் தண்டு துளையைவிடப் பெரியது, 40 மி.மீ.-க்கு 42 மைக்ரான் வரை இறுக்கம் இருக்கலாம். அதை ரோபோ கையால் இழுக்க நினைக்காதீர்கள். 40 மி.மீ. இரும்புத் தண்டு, 80 மி.மீ. வெளிவிட்டமுள்ள இரும்புக் குடம், 40 மி.மீ. நீளப் பிடிப்பு, 20 மைக்ரான் இறுக்கம், உராய்வு 0.12 என்று கணக்கிட்டால் உருவ ஏறத்தாழ 22 கிலோநியூட்டன் வேண்டும். இரண்டு டன்னுக்கு மேல். யூ.ஆர்.5இ போன்ற ரோபோ கையின் தூக்கும் திறன் 5 கிலோ. இந்த வகை வேலைக்கு ஹைட்ராலிக் புல்லரை ரோபோ எடுத்து வைக்கட்டும், இழுப்பதைப் புல்லர் பார்த்துக்கொள்ளும்.

இறுக்கம் சிறிதாகவும் உலோகங்கள் வேறாகவும் இருந்தால் சூடு உதவும். அலுமினிய உடலுக்குள் எஃகுத் தண்டு, 40 மி.மீ., இரண்டும் 80 டிகிரி கூடுதலாகச் சூடானால் அலுமினியம் அதிகம் விரிந்து சுமார் 35 மைக்ரான் இடம் கிடைக்கும். ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய எவர்சில்வர் டம்ளர்களை அம்மா எப்படிப் பிரிப்பார்? உள்ளே குளிர்ந்த தண்ணீர், வெளியே வெந்நீர். அதே வித்தைதான். லாக்டைட் போன்ற வலுவான பசை போட்டிருந்தால் அந்த இடத்தைச் சுமார் 250 டிகிரிக்குச் சூடாக்கி, சூட்டோடு கழற்ற வேண்டும். எண்ணெய் இருக்கும் இடத்தில் தீச்சுடர் காட்டாதீர்கள். இண்டக்‌ஷன் ஹீட்டர் போதும்.

படி 2: கழற்றுவதற்கு முன் பாருங்கள், தொடுங்கள்

எங்கள் பட்டறையில் சூலு மொழிக்காரரான மூத்த ஃபிட்டர் ஒருவர் இருந்தார். எல்லாரும் பாபா என்றே அழைப்போம். ரோபோவில் வைப்பதற்கு முன் அவர் ஒவ்வொரு வால்வையும் கையில் எடுத்து, துளையின் விளிம்பைச் சுண்டுவிரல் நகத்தால் சுற்றிவருவார். நகம் தட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. காமிராவில் தெரியாத பிசிறு நகத்தில் தெரியும். இந்தப் பழக்கத்தை நாங்கள் இன்றுவரை விடவில்லை.

பார்க்க வேண்டியவை: மிச்சமுள்ள ஹைட்ராலிக் அழுத்தம் முழுவதும் வெளியேறியதா, அக்யூமுலேட்டர் (அழுத்தத்தில் எண்ணெயைச் சேமிக்கும் கலன்) காலியா. மூடியின் அடியில் அழுத்தி வைத்த ஸ்பிரிங் இருக்கிறதா. சர்க்ளிப் (காடியில் உட்காரும் பூட்டு வளையம்), கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு), சாவி (தண்டு சுழலாமல் தடுக்கும் துண்டு) ஏதாவது ஒளிந்திருக்கிறதா. சர்க்ளிப் உட்கார்ந்த காடியின் விளிம்பு பெரும்பாலும் பிதுங்கியிருக்கும். அதை நுண்ணிய எண்ணெய்க் கல்லால் தட்டையாக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை. விளிம்பில் பெயின்ட் ஓடியிருந்தால் சுரண்டுங்கள்.

டர்பனின் கடற்காற்றுக்குத் துரு பிடிக்க அதிக நாள் தேவையில்லை. வாயில் துரு வளையம் தெரிந்தால், ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். அவசரப்படாதீர்கள்.

படி 3: பிடிமானம்

முடிந்தவரை துளையின் அச்சு செங்குத்தாக நிற்கும்படி உடலை வைத்து, மேல்நோக்கி இழுங்கள். படுக்கையாக இழுத்தால் கடைசிக் கட்டத்தில் பாகத்தின் எடையே அதைச் சாய்த்துவிடும். 20 மி.மீ. விட்டம், 120 மி.மீ. நீளமுள்ள ஸ்பூல் கிட்டத்தட்ட 300 கிராம் இருக்கும். அந்தச் சின்ன எடை போதும், கெடுக்க.

கிரிப்பர் (ரோபோ கையின் பிடிக்கும் முனை) எங்கே பிடிக்கிறது என்பது முக்கியம். தேய்த்து மெருகிட்ட பரப்பைப் பிடிக்கவே கூடாது. ஸ்பூலின் முனையில் திருகுமரை இருந்தால் அதில் ஒரு இழுப்புக் கம்பியைத் திருகி, அந்தக் கம்பியைப் பிடியுங்கள். உட்புறம் மரையிட்ட டவல் பின்களுக்கும் (பாகங்களை இடம் மாறாமல் நிறுத்தும் ஊசிகள்) இதே வழிதான். வேறு வழியில்லாமல் பாகத்தையே பிடிக்க வேண்டுமென்றால் பித்தளை அல்லது நைலான் தாடை போடுங்கள்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. இழுப்புக் கம்பிக்கும் கிரிப்பருக்கும் நடுவில் ஒரு சிறிய யூனிவர்சல் ஜாயின்ட் (எந்தப் பக்கமும் மடங்கும் இணைப்பு) வைத்துப் பாருங்கள். முன்னால் பிடித்து இழுக்கும் வண்டி தானாக நேராக வரும். பின்னாலிருந்து தள்ளும் வண்டி ஒதுங்கும். உருவுவது இழுக்கும் வேலை. மணிக்கட்டு இறுக்கமாக இல்லாவிட்டால் தண்டு தன் வழியைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். விலை உயர்ந்த எந்தக் கருவியையும்விட இந்த ஜாயின்ட் எங்களுக்கு அதிகம் உதவியது. முறுக்கையும் கடத்தும் என்பதால் அடுத்த படிக்கும் பயன்படும்.

படி 4: ரோபோவின் கையை இளக்குங்கள்

யூ.ஆர்.5இ கை ஒரே இடத்துக்குத் திரும்பி வரும் துல்லியம் ±0.03 மி.மீ. அதாவது 30 மைக்ரான். நம் ஸ்பூலின் இடைவெளியோ 10 மைக்ரான். இடத்தை மட்டும் நம்பி இழுத்தால் கீறல் விழுவது உறுதி. ஆகவே ரோபோவை விசையைக் கேட்டு நடக்க வைக்க வேண்டும். ஒரு ஸ்பிரிங் போல வளைந்து கொடுக்கும் கட்டுப்பாட்டு முறையை நெவில் ஹோகன் 1985-ல் விரிவாக எழுதினார்; இன்று பெரும்பாலான ரோபோ கைகளில் அது ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. மணிக்கட்டில் விசை உணரி இல்லாத கையென்றால் ஒன்று தனியாக வாங்கிப் பொருத்துங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

வரிசை இப்படி. முதலில் கிரிப்பர், ஜாயின்ட், கம்பி எல்லாவற்றின் எடையையும் எடை மையத்தையும் ரோபோவுக்குச் சொல்லிக்கொடுங்கள். பிறகு காற்றில் நிறுத்தி உணரியைப் பூஜ்யமாக்குங்கள். காமிரா காட்டும் இடத்துக்குப் போய்ப் பிடியுங்கள். பிடித்தவுடன் இழுக்காதீர்கள். பக்கவாட்டு விசையையும் திருப்பு விசையையும் பூஜ்யமாக வைத்து, இரண்டு மூன்று வினாடி கையைத் தளர விடுங்கள். அது மெல்ல அசைந்து ஓரிடத்தில் நிற்கும். அந்த இடமும் சாய்வும்தான் துளையின் உண்மையான அச்சு. அதைக் குறித்துக்கொண்டு அந்தத் திசையில்தான் இழுக்க வேண்டும். இழுக்கும் திசையில் கை விறைப்பாகவும் பக்கவாட்டில் மெத்தென்றும் இருக்கட்டும். பக்கவாட்டில் மில்லிமீட்டருக்கு அரை நியூட்டன் அளவில் தொடங்கினால் நல்லது.

படி 5: உருவத் தொடங்குங்கள்

முதலில் இழுக்காமல் திருப்புங்கள். இரண்டு மூன்று டிகிரி இப்படியும் அப்படியும். நகர்ந்தால் பாகம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். சாவியோ, தட்டை வெட்டோ, பின்னோ இருக்கும் பாகத்தை மட்டும் திருப்பக் கூடாது.

பிறகு திருப்பிக்கொண்டே இழுங்கள். இதன் பலன் பலருக்குத் தெரிவதில்லை. உராய்வு எப்போதும் நகரும் திசைக்கு எதிராகத்தான் நிற்கும். 20 மி.மீ. ஸ்பூலை வினாடிக்கு அரை மில்லிமீட்டர் இழுத்துக்கொண்டே வினாடிக்கு 30 டிகிரி திருப்பினால், பரப்பு சுற்றுவாட்டில் ஏறத்தாழ பத்து மடங்கு வேகமாக நகரும். அப்போது உராய்வின் பெரும்பகுதி சுற்றுவாட்டுக்குப் போய்விடும். இழுப்பைத் தடுப்பது பத்தில் ஒரு பங்குதான். விரலில் சிக்கிய மோதிரத்தைச் சோப்பு போட்டு முறுக்கி முறுக்கிக் கழற்றுகிறோமே, அதே கணக்கு.

அடி மூடிய துளையாக இருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். 20 மி.மீ.-க்கு அது அதிகபட்சம் சுமார் 32 நியூட்டன், 40 மி.மீ.-க்கு சுமார் 127 நியூட்டன். காற்றுத்துளை இருந்தால் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் மிக மெதுவாக இழுத்து, ஓரத்தில் காற்று புக நேரம் கொடுங்கள்.

ஒரே மூச்சில் இழுக்காமல், அரை மில்லிமீட்டர் இழுத்து ஒரு கணம் நிறுத்தி, பக்கவாட்டு விசையைப் பார்த்து, தேவையென்றால் சாய்வைத் திருத்தி, மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். எங்கள் பட்டறையில் ஸ்பூலுக்கு இழுப்பு வரம்பு 40 நியூட்டன், பக்கவாட்டு வரம்பு 8 நியூட்டன் என்று வைத்திருக்கிறோம். வரம்பைத் தொட்டால் ரோபோ இழுப்பதை நிறுத்தி, ஒரு மில்லிமீட்டர் உள்ளே திரும்பிப் போய், கையைத் தளர்த்தி, மறுபடி முயலும். மூன்று முறை தோற்றால் மனிதரைக் கூப்பிடும்.

விசைக் கோட்டைப் படிப்பது

திரையில் விசையின் கோடு ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் படிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. கோடு சமமாக, தாழ்வாகப் போனால் எல்லாம் நலம். ரம்பப் பல் போல ஏறி இறங்கினால் காய்ந்த பரப்பு அல்லது துரு. நிறுத்தி எண்ணெய் விடுங்கள். மெல்ல மெல்ல ஏறி, விட்டவுடன் பாகம் பின்னால் போனால் வெற்றிடமோ ஸ்பிரிங்கோ இருக்கிறது. ஒரே இடத்தில் சுவர் போலச் செங்குத்தாக எழுந்தால் மறந்துபோன சர்க்ளிப். மேற்கொண்டு இழுக்கவே கூடாது. இழுப்பு விசை ஏறும்போது பக்கவாட்டு விசையும் சேர்ந்து ஏறினால் சாய்வு. அதைத் திருத்தலாம்.

ஸ்பூலில் இன்னொரு தொல்லை உண்டு. அதில் தடித்த வளையங்களும் ஒடுங்கிய இடங்களும் மாறிமாறி வரும். துளைக்குள்ளும் எண்ணெய் போகும் காடிகள் இருக்கும். ஒவ்வொரு வளையமும் ஒவ்வொரு காடியின் கூர்விளிம்பைக் கடக்கும்போது கோட்டில் ஒரு சின்ன மேடு தெரியும். வரைபடத்திலிருந்து அந்த இடங்களை முன்கூட்டியே எழுதிவைத்து, அங்கே வேகத்தைப் பாதியாக்குங்கள்.

படி 6: கடைசிச் சில மில்லிமீட்டர்

முதலில் சொன்ன அந்த வீணான வால்வு நாளில், என்னுடன் இருந்த பையன் கேட்டான்: “அண்ணா, இன்னும் ரெண்டு மில்லிதான், இழுத்துவிடவா?” நானும் சரி தம்பி என்றேன். தவறு என்னுடையதுதான்.

இப்போது முறை வேறு. உராய்வை விட்டத்தால் பெருக்கி ஆபத்து நீளத்தைக் கணக்கிட்டு, அதை இரட்டிப்பாக்கி, அந்த இடம் வந்ததும் ரோபோ தானாக நிற்கும்படி வைத்திருக்கிறோம். அங்கிருந்து வேகம் வினாடிக்கு 0.2 மி.மீ., பக்கவாட்டு வரம்பு 3 நியூட்டன். பாகத்தின் எடையை ரோபோவின் கணக்கில் சேர்க்க வேண்டிய இடமும் இதுதான். இல்லாவிட்டால் அந்த எடையை உராய்வு என்று அது தவறாக எடுத்துக்கொள்ளும்.

ஆப்புப் பிடித்துவிட்டால் இழுக்காதீர்கள், தட்டாதீர்கள். வந்த வழியே கொஞ்சம் உள்ளே தள்ளி, நேராக்கி, பிறகு வெளியே எடுங்கள்.

ஒரே வகை வால்வு நிறைய வந்தால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. துளையின் வாயில் ஒரு வழிகாட்டிக் குழலை, துளையைவிட ஒரு சில மைக்ரான் பெரிதாகக் கடைந்து, அச்சு ஒத்துப்போகும்படி பொருத்துங்கள். ஸ்பூல் துளையை விடும்போது குழல் அதைப் பிடித்திருக்கும். உள்ளே இருக்கும் நீளம் குறைவதே இல்லை. அந்தக் குழலைக் கடைந்து முடிக்க எனக்கு ஒரு நாள் ஆனது; அதற்குப் பிறகு அந்த வகையில் ஒரு வால்வைக்கூட இழக்கவில்லை.

மின்சாரம் போனால்

2023-ல் லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது, பாதி உருவிய ஸ்பூலோடு ரோபோ நின்றுபோன நாட்கள் உண்டு. பிரேக் விழும், கை அங்கேயே நிற்கும். கம்பிரசரும் நின்றுவிடுவதால் காற்றில் இயங்கும் கிரிப்பர் பிடியை விடலாம். ஆகவே மின்சாரமோ காற்றோ இல்லாமலே பிடித்திருக்கும் கிரிப்பர் வாங்குங்கள். மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து இழுக்க வைக்காதீர்கள். கையைத் தளர்த்தி, பக்கவாட்டு விசை அடங்கிய பிறகுதான் தொடர வேண்டும். பாகம் பிடியில் இருக்கும்போது உணரியைப் பூஜ்யமாக்கினால், தேங்கியிருக்கும் விசையும் பூஜ்யமாகத் தெரிந்து ஏமாற்றிவிடும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: மனிதர் அருகில் நின்று வேலை செய்யும் ரோபோவுக்கு ஐ.எஸ்.ஓ./டி.எஸ். 15066 என்ற பன்னாட்டு வழிமுறை 2016-ல் வெளியானது. தென்னாப்பிரிக்காவில் 1993-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டமும் அதன் கீழ் வந்த இயந்திர விதிகளும் உண்டு. ரோபோ மெதுவாகப் போனாலும், கிரிப்பரில் இருப்பது கூரான எஃகு என்பதை மறக்காதீர்கள்.

படி 7: வெளியே வந்த பிறகு

ஸ்பூலும் துளையும் ஜோடி. தொழிற்சாலையில் அளந்து பார்த்து ஒன்றுக்கு ஒன்று சேர்த்தவை. ஒரே மாதிரி இரண்டு ஸ்பூல்கள் மேசைமேல் கிடந்தாலும் மாற்றிப் போட்டால் ஒன்று கசியும், மற்றது சிக்கும். ஆகவே ரோபோ பாகத்தை வைக்கும் தட்டில் உடலின் எண்ணோடு தனித்தனிக் குழி வையுங்கள். குழியின் அடியில் நைலான் இருக்கட்டும்.

அந்த ஜோடியின் விசைக் கோட்டையும் அதே எண்ணில் சேமியுங்கள். அடுத்த முறை அதே வால்வு பழுதுக்கு வரும்போது, முன்பு எங்கே தடுத்தது என்று பார்த்துத் தொடங்கலாம். தானாகக் கற்றுக்கொள்ளும் மென்பொருளைப் பற்றி ஆய்வாளர்கள் நிறையச் செய்கிறார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரோபோவால் பிரித்தெடுப்பதற்கென்றே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நம்மைப் போன்ற பட்டறைக்கு, நான்கைந்து நல்ல வரம்புகளும் ஒழுங்காகச் சேமித்த கோடுகளும் போதும் என்பது என் கருத்து.

அப்புறம், கழற்றியதைத் துடைத்துவிட்டு அப்படியே விட்டுப் போகாதீர்கள். இங்கே ஈரமான கோடை இரவில் வெறும் எஃகின் மேல் காலைக்குள் செம்பழுப்பு படர்ந்துவிடும். மெல்லிய எண்ணெய் பூசி, துருத்தடுப்புக் காகிதத்தில் சுற்றி, எண்ணை வெளியே எழுதி, அதன் உடலோடு ஒரே பெட்டியில் வையுங்கள்.